பழைய ஹோண்டா 300 குவாட்: சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது

லிண்ட்சிக்காணி எழுதியது:

வணக்கம். ஒன்ராறியோவில் லிண்ட்சிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் காணி இருக்கிறது. விறகு இழுக்கவும் பனி தள்ளவும் 1994ஆம் ஆண்டு ஹோண்டா ஃபோர்ட்ராக்ஸ் 300 குவாட் (மோட்டார்சைக்கிள் மாதிரி ஏறி இருந்து ஓட்டுகிற நாலு சில்லு வண்டி) ஒன்று வைத்திருக்கிறேன், நாலு சில்லும் இழுக்கிற வகை. பக்கத்துக் காணிக்காரர் தனக்கு இனி ஏலாது என்று விற்றது. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் உழைத்தது.

மார்ச் கடைசியில் கொட்டிலுக்குள் விட்டதைப் போன கிழமைதான் வெளியே எடுத்தேன். டாங்கில் பாதிப் பெற்றோல் அப்படியே கிடந்தது. பற்றறியை சார்ஜ் பண்ணி, சோக்கை முழுதாகப் போட்டால் பிடிக்கிறது. சோக்கை எடுக்க எடுக்க என்ஜின் அடங்கி நின்றுவிடுகிறது. சோக் பாதியில் இருக்கும்போது பெருவிரலால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தள்ளினால் பொக் பொக் என்று இருமுகிறது. ஆனால் ஒரேயடியாகத் தள்ளிப் பிடித்தால் சத்தம் ஏறுகிறது. விட்டால் போச்சு.

இதுவரை செய்தது: பழைய பெற்றோலை எடுத்துப் புதிது விட்டேன், புது பிளக் போட்டேன், காபரேற்றரின் (பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற பாகம்) வாய்க்குள் கிளீனர் ஸ்பிரே அடித்தேன். மாற்றம் இல்லை. ஒரு கடையில் கேட்டால் இவ்வளவு பழையதைக் கையால் தொடமாட்டோம் என்றார்கள். ஒன்லைனில் புதுக் காபரேற்றர் 45 டொலருக்குக் கிடக்கிறது. வாங்கிப் போடவா? வீட்டில் இருந்து றோட்டுக்கு 150 மீற்றர். நவம்பரில் பனி விழுந்தால் இதை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

பனிவண்டி எழுதியது:

நான் அல்பேர்ட்டாவில் இருக்கிறேன், என்னிடமும் இதே 300தான். மலிவுக் காபரேற்றர் ஒன்று வாங்கிப் போட்டேன், உடனே ஸ்டார்ட் வந்தது. உண்மையையும் சொல்ல வேண்டும்: குளிர் கூடினால் ஐடில் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது என்ஜின் ஓடுகிற வேகம்) ஒரு இடத்தில் நிற்காது, பெற்றோலும் முன்பைவிடக் கூடுதலாகக் குடிக்கிறது. அவசரம் என்றால் வாங்குங்கள். பழையதை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

கிறீஸ்கை எழுதியது:

தம்பி, 45 டொலரைப் பொக்கற்றிலேயே வைத்திருங்கள். உங்கள் வண்டி தன் வருத்தத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சோக் என்ன செய்கிறது? காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிறது. சோக் இருந்தால் ஓடும், எடுத்தால் நிற்கும் என்றால் பெற்றோல் காணாது, அல்லது எங்கேயோ களவாகக் காற்றுப் போகிறது. முழுதாகத் தள்ளினால் ஏறுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் முக்கியம். ஐடிலில் இருந்து கால்வாசித் திறப்பு வரை பெற்றோல் கொடுப்பது பைலட் ஜெட். ஜெட் என்றால் காபரேற்றருக்குள் இருக்கிற, நடுவில் நுண்ணிய துவாரம் உள்ள பித்தளைத் துண்டு. நடுவில் ஊசி. முக்கால்வாசிக்கு மேலே மெயின் ஜெட். மெயின் ஜெட் வேலை செய்கிறது, பைலட் ஜெட் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. இங்கே ஊற்றுகிற பெற்றோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஆறு மாதம் காபரேற்றரின் அடியில் பெற்றோல் நிற்கிற கிண்ணத்துக்குள் கிடந்து காய்ந்தால் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பிசின் படியும். பைலட் ஜெட்டின் துவாரம் அரை மில்லிமீற்றர்கூட வராது. வாய்க்குள் அடிக்கிற ஸ்பிரே அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே சேராது.

கழற்றுவதற்கு முன் இரண்டு சோதனை. கிண்ணத்தின் அடியில் ஒரு வடி ஸ்குரூ இருக்கிறது. டாங்கில் இருந்து வருகிற பெற்றோலைத் திறந்து மூடுகிற டப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஸ்குரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். விடாமல் ஓட வேண்டும். கொஞ்சம் ஓடி நூலாகிவிட்டால் டப்பின் வலையையும் டாங்க் மூடியின் காற்றுத் துவாரத்தையும் பாருங்கள். போத்தலின் அடியில் தனியாக ஒரு படை தெரிந்தால் அது தண்ணீர். அடுத்தது, காபரேற்றருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர். முப்பது வருட ரப்பர் வெளியே நல்லதாக இருந்தாலும் உள்ளே வெடித்திருக்கும். என்ஜின் குளிராக இருக்கும்போதே சோக்கில் ஓடவிட்டு, ரப்பரைச் சுற்றிக் கொஞ்சமாக ஸ்பிரே அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்றுப் போகிறது. தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். கொட்டிலுக்குள் வைத்து ஓடவிட வேண்டாம், வெளியே தள்ளிக்கொண்டு வாருங்கள். அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும்.

இனிக் கழற்றுவது. அந்த ஸ்குரூக்கள் ஜப்பான் தரத்துத் தலை. சாதாரண நட்சத்திரத் திருப்புளி அதில் ஆழமாக உட்காராது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் என்று போட்ட திருப்புளி ஒன்று வாங்குங்கள். அதற்குக் காசு செலவழிப்பது சரி. இறுகியிருந்தால் திருப்புளியை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் பின்னால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

கிண்ணம் வந்ததும் நடுவில் பெரிய ஜெட் தெரியும். பக்கத்துக் குழிக்குள் ஒளிந்திருப்பது பைலட். துவாரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அல்லது பிறை மாதிரித் தெரிந்தால் அடைப்பு. கிளீனரில் ஊறவிட்டு, பழைய விளக்கு வயரைச் சீவி ஒற்றைச் செம்பு இழை எடுத்துக் குத்துங்கள். பித்தளையைவிடச் செம்பு மெது. ஊசி, இரும்புக் கம்பி எதுவும் வேண்டாம். துவாரம் துளி பெருத்தாலும் பிறகு ஒருநாளும் ஐடில் சரிவராது.

ஐடில் கலவையைச் சரிப்படுத்துகிற பைலட் ஸ்குரூவைக் கழற்ற முன் மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் போய் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பப் போடும்போது அதே கணக்கு. முட்டினபின் இறுக்கினால் நுனி முறிந்து உள்ளே நின்றுவிடும். அந்த ஸ்குரூவுடன் ஒரு ஸ்பிறிங், ஒரு சின்ன வாஷர், ஒரு ரப்பர் வளையம் வர வேண்டும். வளையம் பெரும்பாலும் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் ஸ்பிரே அடித்தால் ஊதிப்போகும், கொம்பிரசர் பிடித்தால் பறந்துபோகும். எல்லா ரப்பரையும் எடுத்த பிறகுதான் ஸ்பிரே.

நான் இதைப் படித்த இடம் யாழ்ப்பாணம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணால் காணக் கிடையாது. மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். ஜெட்டைக் கழற்றி ஊதாமல் ஒரு கிழமை போகாது. என் அண்ணா தெருவோரத்தில் குந்தி இருந்து, மழைத் தூறலில் சேட்டால் மறைத்துக்கொண்டு கழற்றிப் பூட்டியிருக்கிறார். உங்களுக்குக் கொட்டிலும் வெளிச்சமும் இருக்கின்றன. ஒரு பின்னேரத்து வேலை.

ஷார்ஜா பட்டறை எழுதியது:

அண்ணன் சொன்னது சரி. நான் இங்கே பாலைவனத்தில் வாடகைக்கு ஓடும் குவாட்களைப் பழுது பார்க்கிறேன். இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எங்களுக்கு மணல், உங்கள் ஊரில் எலி. ஆறு மாதம் சும்மா நின்ற வண்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கலாம். ஃபோம் ஃபில்டரை விரலால் அழுத்தினால் திரும்ப எழும்ப வேண்டும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தத் தூள் நேராக கார்புரேட்டருக்குள்தான் போகும். புதிதாகப் போடும்போது ஃபில்டர் ஆயில் தடவிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்து டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஜெட் சுத்தமான பிறகும் இழுவை இல்லை என்றால் அதைப் பாருங்கள். உங்கள் 300க்கு இரண்டு வால்வுக்கும் 0.08 மில்லிமீட்டர், என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது. என்ஜினைக் கையால் சுற்றி, பக்கத்தில் உள்ள டைமிங் துளையில் தெரியும் டி (T) குறியை நேராகக் கொண்டுவந்து, இரண்டு ராக்கரையும் கையால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். ஆடவில்லை என்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு உருவி வர வேண்டும்.

லிண்ட்சிக்காணி எழுதியது:

சனிக்கிழமை கழற்றினேன். போத்தல் சோதனையில் பெற்றோல் நன்றாக ஓடியது, அடியில் தண்ணீர் இல்லை. ரப்பரைச் சுற்றி ஸ்பிரே அடித்தபோது சத்தம் மாறவில்லை.

கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தேன் காய்ந்த மாதிரி ஒரு படை. பைலட் ஜெட்டை யன்னலுக்கு நேரே பிடித்தேன், வெளிச்சமே இல்லை. இரண்டு மணித்தியாலம் ஊறவிட்டு, மகளின் பழைய மேசை விளக்கு வயரில் இழை எடுத்துக் குத்தினேன். முதலில் ஒரு கீற்று, பிறகு முழு வட்டம். அந்தப் புள்ளி வெளிச்சத்தைப் பார்த்ததும் கீழே இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பைலட் ஸ்குரூ இரண்டேகால் சுற்றில் முட்டியது. ரப்பர் வளையம் நீங்கள் சொன்னபடியே குழிக்குள்தான் ஒட்டியிருந்தது, எடுத்தபோது இரண்டாக முறிந்துவிட்டது. வளையங்கள் உள்ள ரிப்பேர் கிற் புதன்கிழமைதான் வந்தது. நேற்றுப் பூட்டினேன். சோக்கில் பிடித்தது, இரண்டு நிமிடத்தில் சோக்கை முழுதாக எடுத்தேன், நிற்கவில்லை! அரை மணித்தியாலம் காணியைச் சுற்றி ஓட்டினேன், இருமல் இல்லை.

ஃபில்டர் பெட்டிக்குள் எலி இல்லை, ஆனால் ஃபோம் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. புதிது ஓடர் பண்ணியிருக்கிறேன். டேப்பட் இன்னும் பார்க்கவில்லை, ஞாயிறு பார்க்கிறேன். ஒரு கேள்வி மிச்சம்: முன் பிரேக் ஈரத்தில் பிடிப்பதே இல்லை. இதுவும் வயதா?

கிறீஸ்கை எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. புது ஃபோம் வருமட்டும் ஓட்டாதீர்கள்.

முன் பிரேக், இந்த 300களின் பழைய வியாதி. முன்னுக்கு ட்ரம் பிரேக். ஓரத்து ரப்பர் சீல் தேய்ந்தால் தண்ணீரும் சேறும் உள்ளே போய்த் தங்கும். ட்ரம்மைக் கழற்றி, பிரேக் சூவின் (ட்ரம்மில் உரசிப் பிடிக்கிற கட்டை) தடிப்பைப் பாருங்கள், துருவைத் தேய்த்து எடுங்கள், சீலைப் புதிதாகப் போட்டுப் பூட்டுங்கள். பிரேக் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து அசையாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். பனிக்கு முன்னே இதை முடியுங்கள், உறைந்த பிறகு அந்த நட்டுகள் கழறாது.

அடுத்த தடவை கொட்டிலுக்குள் விடும்போது டப்பை மூடிவிட்டு, அதே வடி ஸ்குரூவைத் திறந்து கிண்ணத்தை வெறுமையாக்கிவிட்டு விடுங்கள்.