டிஎன்ஏ ஸ்கார்ஃப் பின்னணும், முறுக்கு சரியா வரணும், கேபிள் தெரிஞ்சவங்க வாங்க

செராங்கூன்_ஊசி:
வணக்கம். நான் யூனிவர்சிட்டில பயாலஜி சொல்லிக்குடுக்குறேன், ஜெனெடிக்ஸ்தான் என் பாடம். காலையில லெக்சர், மத்தியானம் லேப், சாயங்காலம் பசங்க தீசிஸ் திருத்துறதுன்னு நாள் ஓடிடும், நடுவுல கிடைக்கிற நேரமெல்லாம் ஊசியும் நூலும்தான். நம்ம சிங்கப்பூர் சர்க்கிள் லைன் ரயில்ல கென்ட் ரிட்ஜ் வரைக்கும் உட்கார எடம் கிடைச்சா உடனே பையிலேர்ந்து எடுத்துடுவேன். செமினார்லயும் பின்னுவேன், கை ஓடிக்கிட்டே இருந்தாத்தான் எனக்குக் காது நல்லா வேலை செய்யும்.

எங்க லேப்ல ரொம்ப வருஷமா இருக்குற டெக்னீஷியன் அண்ணன் ரிட்டயர் ஆகி மெல்பர்ன்ல மக வீட்டுக்குப் போறாரு. டிஎன்ஏ துண்டுகளைப் பிரிச்சுப் பாக்க ஜெல் ஓட்டுறது எனக்கே அவருதான் கைபுடிச்சு கத்துக்குடுத்தாரு. அங்க ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் குளிர், அதனால டபுள் ஹீலிக்ஸ், அதான் டிஎன்ஏவோட ரெண்டு இழை முறுக்கு, போட்ட ஸ்கார்ஃப் ஒண்ணு பின்னிக் குடுக்கணும்னு ஆசை. ஆனா நெட்டுல நான் பார்த்த பேட்டர்ன் பலதுல முறுக்கு இடதுபக்கமா போகுது. நம்ம செல்லுக்குள்ள சாதாரணமா இருக்குற பி-டிஎன்ஏ வலது முறுக்கு, 1953ல வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட மாடலும் அதேதான். இடது முறுக்குல இசட்-டிஎன்ஏன்னு ஒண்ணு இருக்கு, ஆனா நான் பின்னப்போறது அது இல்ல.

நான் இதுவரைக்கும் ப்ளெயினாதான் பின்னியிருக்கேன், கேபிள், அதான் கயிறு முறுக்கின மாதிரி வர்ற டிசைன், போட்டதில்ல. எந்தப் பக்கம் கிராஸ் பண்ணா வலது முறுக்கு வரும்? நூல் காட்டனா கம்பளியா? கம்பளின்னா நம்ம ஊரு ஈரக்காத்துல பூச்சி வராம எப்படி வைக்கிறது?

யீஷூன்_ஆன்டி:
டீச்சரம்மா, கேபிள்னா பயப்படாதீங்க, வெறும் எடம் மாத்துறதுதான். ஒரு இழைக்கு ரெண்டு ஸ்டிட்ச்னு வெச்சுக்குங்க. முதல் ரெண்டு ஸ்டிட்ச்சை ஸ்பேர் ஊசில ஏத்தி *பின்னாடி* தொங்க விடுங்க, அடுத்த ரெண்டைப் பின்னுங்க, அப்புறம் ஸ்பேர் ஊசில இருக்குற ரெண்டைப் பின்னுங்க. இப்ப முன்னாடி தெரியிற இழை கீழ இடதுலேர்ந்து மேல வலதுக்கு ஏறும், நீங்க கேட்ட வலது முறுக்கு இதுதான். ஸ்பேர் ஊசியை முன்னாடி விட்டீங்கன்னா இடது ஆயிடும். எல்லா கிராஸும் ஒரே மாதிரி பின்னாடிதான் விடணும், ஒண்ணு பின்னாடி ஒண்ணு முன்னாடின்னு மாத்தி மாத்திப் போட்டா முறுக்கே விழாது, ஒரே இழை எப்பவும் மேல நிக்கும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, ஸ்கார்ஃப்போட ரெண்டு ஓரத்துலயும் கேபிள் போடுறதா இருந்தா கவனம். அழகுக்காக ஒண்ணை வலது, இன்னொண்ணை இடதுன்னு கண்ணாடில பாக்குற மாதிரி போடுறதுதான் எங்க பழக்கம், பேட்டர்ன் எழுதுறவங்களும் அப்படித்தான் எழுதுவாங்க. நெட்டுல நீங்க பாத்ததுல சிலது அப்படி வந்ததா இருக்கும். உங்களுக்கு ரெண்டுமே வலதுதான்.

நூலு கம்பளியே வாங்குங்க. காட்டன்ல இழுவை கம்மி, கேபிள் சப்பையா கிடக்கும், நீள ஸ்கார்ஃப்னா கனத்துல தொங்கியும் போயிடும். சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டர்ல பாருங்க, இல்லாட்டி ஸ்பாட்லைட் கடைல. சூப்பர்வாஷ் மெரினோ கம்பளி கிடைச்சா நல்லது, மக வீட்டுல தெரியாம மெஷின்ல போட்டாலும் சுருங்காது.

தெம்பனிஸ்_குமார்:
வாழ்த்துகள் மேடம், நல்ல எண்ணம். ஆனா உண்மையாவே ஒரு சந்தேகம், கழுத்துல சுத்தினதுக்கு அப்புறம் வலதா இடதான்னு யாரு பாக்கப்போறா? தலைகீழா தொங்கவிட்டா மாறிடாதா?

செராங்கூன்_ஊசி:
மாறாது தம்பி. வலது முறுக்கை எப்படித் திருப்பினாலும் வலதுதான், வீட்டுல இருக்குற ஸ்க்ரூவைத் தலைகீழாப் புடிச்சுப் பாருங்க, மரை அதே பக்கம்தான் ஏறும். கண்ணாடில பாத்தாத்தான் மாறும். யாரு பாப்பாங்கன்னா அந்த அண்ணன் பாப்பாரு. பசங்க போஸ்டர்ல இடது முறுக்கு படம் ஒட்டினா கூப்பிட்டு மாத்த வெச்ச மனுஷன் அவரு, அவருக்குப் போய் தப்பான டிஎன்ஏ போத்தி அனுப்ப எனக்கு மனசு வராது.

ஆன்டி, ரொம்ப நன்றி, இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். ரெண்டு கிராஸ் சேர்ந்தாத்தான் ஒரு முழு சுத்து, சரிதானே? டிஎன்ஏல ரெண்டு இழையையும் ஏணிப்படி மாதிரி சேக்குறது ஏ, டி, ஜி, சி-ங்குற பேஸ் ஜோடிங்க, ஒரு சுத்துக்கு சுமாரா 10 ஜோடி வரும், அப்போ ஒரு கிராஸுக்கும் அடுத்த கிராஸுக்கும் நடுவுல அஞ்சு படி. நாலு கலர் எடுத்து ஒவ்வொரு படியும் பாதிப் பாதியா, ஏ-க்கு எதிர்ல டி, ஜி-க்கு எதிர்ல சி-ன்னு போடலாம்னு நினைக்கிறேன்.

வுட்லண்ட்ஸ்_வாணி:
பூச்சி விஷயம் நான் சொல்றேன் அக்கா. நம்ம பாத்ரூம் சுவத்துல சாம்பல் கலர்ல, தர்பூசணி விதை மாதிரி தட்டையா ஒரு கூடு ஒட்டிக்கிட்டு இருக்குமே, உள்ள ஒரு புழு தலையை நீட்டும், அதுவும் கம்பளி தின்னும். நூலு வாங்கிட்டு வந்த உடனே ஜிப்லாக்ல போட்டு காத்தை அமுக்கி எடுத்துட்டு ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வெச்சுடுங்க. வெளிய எடுத்ததும் பையைத் திறக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும், இல்லாட்டி நூலு மேல தண்ணி கோத்துக்கும். அப்புறம் மூடி இறுக்கமா இருக்குற டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. பின்னி முடிச்சதைத் துவைச்சுட்டு வைங்க, வேர்வை, எண்ணெய் பட்ட எடத்தைத்தான் புழு முதல்ல கடிக்கும்.

தெம்பனிஸ்_குமார்:
எங்கம்மா அலமாரில ரசகற்பூர உருண்டை போடுவாங்க, அது போதாதா?

செராங்கூன்_ஊசி:
நாஃப்தலின் உருண்டைன்னா வேண்டாம் தம்பி. ஜி6பிடிங்குற என்சைம் பிறவியிலேயே குறைவா இருக்குறவங்களுக்கு அது ரத்தச் சிவப்பணுவையே உடைச்சுடும். இங்க பிறக்குற குழந்தைங்களுக்கு இந்த டெஸ்ட் எடுக்குறதே அதுமாதிரி ஆபத்துக்காகத்தான். அண்ணனோட பேரக்குழந்தை கைக்குழந்தை, அந்த வாசனையோட ஒண்ணும் அவங்க வீட்டுக்குள்ள போகக்கூடாது. வாணி சொன்ன ஃப்ரீசர் வழிதான் எனக்கு.

யீஷூன்_ஆன்டி:
சுத்து கணக்கு சரிதான்மா. ஒரு கிராஸ் போட்டதும் ரெண்டு இழையையும் மெல்ல வெளிய நகத்தி, திரும்ப உள்ள கொண்டுவந்து அடுத்த கிராஸ் போடுங்க, நடுவுல பர்ல் தரை (முதுகுப்பக்கத் தையல் முன்னாடி தெரியிற எடம்) கிடைக்கும். கலர் நூலை பின்னும்போதே மாத்தாதீங்க, முதுகுப்பக்கம் நூலு குறுக்கும் நெடுக்குமா ஓடி அசிங்கமாயிடும். எல்லாம் முடிஞ்சப்புறம் தையல் ஊசில படியை எம்பிராய்டரியா போடுங்க. ரெண்டு ஓரமும் அஞ்சஞ்சு ஸ்டிட்ச் கார்ட்டர் (எல்லா வரிசையும் ப்ளெயின் நிட்) விடுங்க, இல்லாட்டி சுருண்டுக்கும். முதல்ல ஒரு முழு சுத்து மட்டும் சாம்பிள் பின்னி இங்க போட்டோ போடுங்க, இழுத்துப் புடிக்கிறீங்களா தளத்தி விடுறீங்களான்னு பாத்து ஊசி சைஸ் சொல்றேன்.