எரிமலை ‘வெடிப்பு’ – வெடிக்காததற்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கே மும்பை மாட்டுங்காவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேருக்கு ஞாயிறுதோறும் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் படகேறி எலிஃபண்டா குகைகளுக்குப் போனோம். அந்தக் கரும்பாறை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்தோடி இறுகிய கற்குழம்பு என்றேன். “அப்போ பெரிய எரிமலை வெடிப்பா?” என்றாள் ஒருத்தி. “வெடிப்புதான், ஆனால் அவ்வளவாக வெடிக்கவில்லை” என்று உளறிவைத்தேன்.

பிசகு சொல்லில்தான். எரிமலை எதை எப்படி வெளியே தள்ளினாலும் (ஆங்கிலத்தில் eruption) ‘வெடிப்பு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம்.

வெடிக்குமா வழியுமா என்பது கற்குழம்பு எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்தது. அந்தக் கெட்டித்தன்மைக்கு (viscosity) எந்தச் சொல், பாகுநிலையா பிசுக்குமையா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்குப் பாகுநிலை போதும். அடுப்பில் ரசம் கொதித்தால் குமிழிகள் சத்தமில்லாமல் உடையும். கேழ்வரகுக் கூழ் கொதித்தால்? குமிழி உள்ளேயே உப்பி, ‘ப்ளக்’கென்று உடைந்து கையில் தெறிக்கும். கற்குழம்பும் அப்படித்தான். குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) 50 விழுக்காடு, சூடு 1,100 பாகை செல்சியஸ் என்றால் இளக்கமாக இருக்கும். மேலே ஏற ஏறப் பிரியும் நீராவியும் மற்ற வாயுக்களும் எளிதாக வெளியேறிவிடும். ஹவாயின் கிலாவேயா எரிமலை பெரும்பாலும் இந்த ரகம். சிலிக்கா 60-ஐத் தாண்டி, சூடும் குறைந்தால் குழம்பு கெட்டி, வாயு மாட்டிக்கொள்ளும். 1980-இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் வடபக்கம் சரிந்து அழுத்தம் சட்டென விடுபட்டதும் நடந்தது அசல் வெடிப்பு.

ஆக, இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். ‘சீற்றம்’ என்றால் சாதுவாக வழிவதற்குப் பொருந்தாது. ‘உமிழ்வு’ கார்பனோடு ஒட்டிக்கொண்டது. ‘பொங்கல்’ அழகுதான், ஆனால் ‘எரிமலைப் பொங்கல்’ என்றால் பசிக்கும்.

என் பரிந்துரை ‘கக்கல்’. நெருப்பைக் கக்கும் எரிமலை என்று ஏற்கெனவே சொல்கிறோம். வகைகளை வெடிக்கும் கக்கல், வழியும் கக்கல் என்று பெயரெச்சமாகவே விடலாம், ஒரே சொல்லாக ஒட்டவைத்துச் சிதைக்க வேண்டாம். ஒரே மலை இரண்டையும் செய்யும் என்பதால், பெயர் நிகழ்வுக்குத்தான், மலைக்கு அல்ல.

திரும்பும் படகில் சொல்லிப் பார்த்தேன். “எரிமலை வாந்தியா சார்?” என்று நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குள்ள தயக்கம் அது ஒன்றுதான், உங்களுக்கு?