2.5, 10 மைக்ரோஃபாரட் கன்டென்சர்களை வரிசையாகப் போட்டால் சின்னதற்கு ஏன் அதிக வோல்ட்?

கொருக்குப்பேட்டை வைண்டிங்:

வணக்கம். ஃபேன், பம்ப் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். 22 வருஷமாக இதே வேலை. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 2.5 மைக்ரோஃபாரட் கன்டென்சர் (புத்தகத்தில் மின்தேக்கி) மாற்றுவேன், அரை எச்.பி. மோட்டார் முனகிக்கொண்டே நின்றால் 10 போட்டுப் பார்ப்பேன். கன்டென்சர் என் கையில் படாத நாள் கிடையாது. ஆனாலும் பிளஸ் டூ படிக்கிற என் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நான்கு நாளாகத் தவிக்கிறேன்.

"அப்பா, ரெண்டு மின்தேக்கியைத் தொடரிணைப்புல போட்டா, நடுவுல இருக்கிற ஒயர் பேட்டரியோட எந்தப் பக்கமும் சேரலையே. அதுக்கு மின்னூட்டம் எங்கேர்ந்து வருது?"

பாடப்புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம்தான், வோல்ட் மட்டும் பிரியும், சின்னதற்கு அதிகம் போகும் என்று போட்டிருக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. பெரியதுதானே அதிகம் வாங்கவேண்டும்?

சரி, செய்தே பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். இன்வெர்ட்டர் பேட்டரி, மீட்டரில் 12 வோல்ட். பிளஸ் பக்கம் 2.5, மைனஸ் பக்கம் 10, இரண்டும் புதுசு. மாட்டுவதற்கு முன் இரண்டையும் காலி செய்துவிட்டேன். மகள் கணக்குப் போட்டு 2.5-க்கு 9.6 வரும் என்றாள். மீட்டரை அதன் இரண்டு காலிலும் வைத்தேன், 9.6-க்குப் பக்கத்திலேயே காட்டியது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதை நோட்டில் எழுதிவிட்டு நிமிர்வதற்குள் மீட்டர் இறங்க ஆரம்பித்துவிட்டது. அரை நிமிஷத்தில் 7.5. இரண்டு நிமிஷத்தில் 3.7. டீ குடித்து முடிக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம். பேட்டரியைக் கழற்றவே இல்லை.

வோல்ட் எங்கே போகிறது? புத்தகம் தப்பா, என் கன்டென்சர் தப்பா? யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

திருவொற்றியூர் வயர்மேன்:

அண்ணே, 2.5 லீக் ஆகுது. புதுசுன்னு கொடுத்தாலும் சில நேரம் அப்படித்தான் வரும். வேற ஒண்ணு மாத்திப் பாருங்க.

கொருக்குப்பேட்டை வைண்டிங்:

மாற்றிவிட்டேன் தம்பி, மூன்று மாற்றினேன். மூன்றும் ஒரே வேகத்தில் இறங்குகிறது. லீக் என்றால் மூன்றும் ஒரே மாதிரியா லீக் ஆகும்?

பெரம்பூர் இயற்பியல் டீச்சர்:

அண்ணா, உங்கள் கன்டென்சரிலும் குறை இல்லை, புத்தகத்திலும் குறை இல்லை. இறக்கிவிடுவது உங்கள் மீட்டர். அதற்கு வருகிறேன், முதலில் மகளின் கேள்வி.

நடு ஒயரையும் அதோடு சேர்ந்த இரண்டு தட்டுகளையும் ஒரே தீவாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து அந்தத் தீவுக்குள் எதுவும் வரவில்லை, எதுவும் போகவும் இல்லை. பேட்டரி 2.5-இன் மேல் தட்டில் 24 மைக்ரோ கூலூம் (2.5-ஐ 9.6-ஆல் பெருக்கினால் வரும் மின்னூட்டம்) பிளஸ் ஏற்றுகிறது. அது எதிர்த் தட்டுக்கு எலெக்ட்ரான்களை இழுக்கிறது. அந்த எலெக்ட்ரான்கள் 10-இன் மேல் தட்டிலிருந்து நடு ஒயர் வழியாகத்தான் வந்தாகவேண்டும். அவை கிளம்பிப் போனதால் அங்கே அதே 24 பிளஸ் மிச்சமாகிறது. தீவின் மொத்தக் கணக்கு முன்னும் பூஜ்யம், பின்னும் பூஜ்யம். உள்ளே இடம் மட்டும் மாறியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம் என்பது இதனால்தான்.

இப்போது சின்னதற்கு ஏன் அதிக வோல்ட்? நம் பக்கம் தண்ணீர் லாரி வரும்போது ட்ரம்மில் பிடிப்போமே, அதை நினையுங்கள். ஒரு ட்ரம் ஒல்லி, இன்னொன்றின் அடிப்பரப்பு அதைப்போல் நான்கு மடங்கு. இரண்டிலும் ஒரே எண்ணிக்கைக் குடம் ஊற்றினால் ஒல்லியில் மட்டம் நான்கு மடங்கு உயரும். குடம்தான் மின்னூட்டம், மட்டம்தான் மின்னழுத்தம், ட்ரம்மின் அகலம்தான் மின்தேக்குத்திறன். உங்கள் 10, 2.5-ஐப்போல் நான்கு மடங்கு. 9.6-ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள், 2.4. இரண்டையும் கூட்டினால் பேட்டரியின் 12. பெரியது அதிகம் வாங்கும் என்று நீங்கள் நினைத்தது பக்க இணைப்புக்குச் சரி. அங்கே வோல்ட் சமம், மின்னூட்டம் பிரியும்.

இனி மீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டருக்குள் வோல்ட் பார்க்கும்போது சுமார் 10 மெகா ஓம் மின்தடை இருக்கும். மிகப் பெரிய தடைதான், ஆனாலும் அது ஒரு பாதை. இதுவரை தனியாக இருந்த தீவுக்கு நீங்களே ஒரு பாலம் போட்டுவிட்டீர்கள். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து மீட்டர் வழியாக மின்னூட்டம் கசிந்து தீவுக்குள் போகிறது. 2.5 காலியாகிறது, 10 நிரம்புகிறது. தீவு இரண்டு கன்டென்சரையும் தொட்டுக்கொண்டிருப்பதால் கணக்கில் 12.5 மைக்ரோஃபாரட். 10 மெகா ஓமால் பெருக்கினால் 125 விநாடி. ஒவ்வொரு 125 விநாடிக்கும் முன்பு இருந்ததில் சுமார் 37 சதவீதம்தான் மிஞ்சும். அரை நிமிஷத்தில் 7.5, இரண்டு நிமிஷத்தில் 3.7 என்று நீங்கள் எழுதியது கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. அவ்வளவு பொறுமையாகப் பார்த்துக் குறித்திருக்கிறீர்கள், வகுப்பில் இதைச் சொல்லப்போகிறேன்.

இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, மறுபடி காலி செய்து மாட்டிவிட்டு, மீட்டரைத் தொடாமல் இரண்டு நிமிஷம் காத்திருந்து பிறகு வையுங்கள். கன்டென்சர் லீக் இல்லையென்றால் 9.6-க்குப் பக்கத்தில்தான் தொடங்கவேண்டும். இரண்டு, 2.5-இல் மீட்டரைப் பூஜ்யம்வரை விட்டு, உடனே 10-க்கு மாற்றுங்கள். 2.4 வராது.

அப்புறம், அந்தக் கன்டென்சர் என்ற சொல்லை மகள் திருத்துகிறாளா? 1782-இல் வோல்டா வைத்த பெயர் அது. கன்டென்சர், மின்தேக்கி என்ற இரண்டு பெயரும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

திருவொற்றியூர் வயர்மேன்:

டீச்சர், நான் அவசரப்பட்டு லீக்குன்னு சொல்லிட்டேன். மீட்டர் இப்படிப் பண்ணும்னு எனக்கு யாரும் சொன்னதில்லை. அண்ணே, ஒரு விஷயம் மட்டும். 12 வோல்ட்ல விளையாடுங்க, லைன்ல வேண்டாம். 230-ன்னு சொன்னாலும் உச்சி 325 வோல்ட் வரை போகும், கன்டென்சர் அதைப் பிடிச்சு வெச்சுக்கும். காலி பண்ண ஸ்க்ரூ டிரைவர் வைக்காதீங்க, குண்டு பல்பு ஹோல்டர் ஒயரை வைங்க.

கொருக்குப்பேட்டை வைண்டிங்:

பல்புதான் தம்பி, ஸ்க்ரூ டிரைவர் முனை கருகின அனுபவம் நிறைய இருக்கிறது.

டீச்சர், இரண்டும் செய்தோம். காத்திருந்து வைத்ததும் 9.5 காட்டியது, அப்புறம்தான் இறங்கியது. அடுத்ததில் 10-க்கு மாற்றியதும் 12. மகள் கத்தியே விட்டாள். அதுவும் பிறகு மெல்ல இறங்கியது, இந்த முறை ஏன் என்று அவளே எனக்குச் சொன்னாள்.

இன்னும் ஒன்று கேட்கிறாள். நடுப்புள்ளியின் மின்னழுத்தம் என்று கேட்டால் 2.4 என்று எழுதுவதா, 9.6 என்று எழுதுவதா?

பெரம்பூர் இயற்பியல் டீச்சர்:

எங்கே பூஜ்யம் வைத்தாள் என்பதைப் பொறுத்தது. ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும். அளக்க ஆரம்பிக்கும் இடத்தை மாற்றினால் எண் மாறும், ஆனால் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள உயர வித்தியாசம் மாறாது. பேட்டரி மைனஸ்ஸைப் பூஜ்யமாக எடுத்தால் நடுப்புள்ளி 2.4. நடுப்புள்ளியையே பூஜ்யமாக எடுத்தால் மேலே 9.6, கீழே மைனஸ் 2.4. வினாத்தாளில் புவி இணைப்புக் குறியீடு எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.