ஐபோன் 14-இல் சிம் தட்டே இல்லை: வாங்கலாமா, எஸ்23 பக்கம் போகலாமா?

உப்புவெளி (கேள்வி)

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் வேலை. அறை, சாப்பாடு, திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு என்று எல்லாப் படத்தையும் என் போனில்தான் எடுத்துப் போட வேண்டும். இப்போதுள்ள போனில் பொழுது சாய்ந்தாலே படம் புள்ளி புள்ளியாக வருகிறது. நடுத்தர விலையில் புதுசு வாங்கும் காசுக்கு, சில வருடம் பழைய பெரிய மாடல் வாங்கினால் கமரா நன்றாக இருக்கும் என்றார்கள்.

கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. டவுனில் ஒரு கடையில் பாவித்த போன் இரண்டு காட்டினார்கள்: ஐபோன் 14, சாம்சங் எஸ்23. இரண்டும் அந்தக் காசுக்குள் வரும். ஆனால் ஐபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் சிம் போடும் தட்டைக் காணவில்லை, ஊசி குத்தும் ஓட்டையும் இல்லை. "அது அப்படித்தான் தங்கச்சி" என்றார் கடைக்காரர். யாராவது கழற்றி வேறு மூடி போட்டிருப்பார்களா?

ஓர்ஸ் ஹில்

பயப்படாதீர்கள், யாரும் மூடவில்லை. அமெரிக்காவில் விற்ற 14-இல் தட்டு கிடையாது, இ-சிம் மட்டும்தான், அதாவது அட்டை போடாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய் மாடல் இலக்கத்தைப் பாருங்கள். கடைசியில் எல்எல் என்று வந்தால் அமெரிக்கப் போன். முதல் எழுத்தையும் கவனியுங்கள்: எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் புதுப்பித்து விற்றது, என் என்றால் பழுதான போனுக்குப் பதிலாகக் கொடுத்தது.

டயலொக், மொபிட்டல் இரண்டும் இ-சிம் கொடுக்கின்றன. ஆனால் விடுதி சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டுக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இது உங்களுக்குத் தொல்லை. அதே பக்கத்தில் கீழே 'கேரியர் லொக்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இல்லாவிட்டால் அந்தப் போனை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இங்கே உள்ள சிம் அதில் வேலை செய்யாது.

ஐபோன்தான் வேண்டும் என்றால் 13-ஐத் தேடுங்கள். அதே ஏ15 சிப், அமெரிக்கப் போனிலும் சிம் தட்டு உண்டு.

நிலாவெளி

திமிங்கிலப் படம் என்றால் நான் எஸ்23 தான் சொல்வேன். 14-இல் தூரத்தை இழுக்கும் லென்ஸ் இல்லை, எஸ்23-இல் மூன்று மடங்கு லென்ஸ் தனியாக இருக்கிறது. படகிலிருந்து வாலை எடுக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். குறை பேட்டரிதான்: 3900 எம்ஏஎச். வெயிலில் நாள் முழுக்கப் படம் எடுத்தால் மாலைக்குள் சார்ஜர் தேடுவீர்கள்.

பழைய போன் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இன்னும் எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதைத்தான். எஸ்23 வந்தது 2023 பெப்ரவரியில், ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட், ஆக 2028 தொடக்கம் வரை. அதே கணக்கை 2021 ஜனவரியில் வந்த எஸ்21-க்குப் போட்டால் 2026 தொடக்கத்தோடு முடிகிறது. வங்கி ஆப் பாவிக்கிறவர்கள் எஸ்21 மலிவு என்று அதில் போய் விழக்கூடாது.

தம்பலகாமம்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும், கூகுளின் பிக்சல் 7 எப்படி?

நிலாவெளி

கமரா அருமை. ஆனால் பிக்சல் இலங்கையில் முறைப்படி விற்பனைக்கு வருவதில்லை. வாங்கும் முன் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். கதைக்கும்போது மேலே 4ஜி போய் 3ஜியோ 2ஜியோ வந்தால், அந்தப் போனில் 4ஜி வழியான அழைப்பு வேலை செய்யவில்லை.

கிண்ணியா ரிப்பேர்

சகோதரி, நான் போன் திருத்தும் வேலை செய்பவன். நம்ம ஊரில் பழைய போனுக்கு முதல் எதிரி உப்புக் காற்று. கடைக்குப் போனதும் கமராவை விட்டுவிட்டு டார்ச் அடித்து சார்ஜ் போடும் ஓட்டையை வடிவாகப் பாருங்கள். உள்ளே ஊசிகளில் பச்சையாகக் களிம்பு தெரிந்தால் வேண்டாம். எஸ்23-இன் சிம் தட்டை இழுத்து அந்த ஓட்டைக்குள்ளும் டார்ச் அடியுங்கள். உள்ளே சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், அது சிவந்திருந்தால் தண்ணீர் குடித்த போன்.

தண்ணீர் புகாது, ஐபி68 தரம் என்று சொல்வார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புதுப் போனில் செய்தது. ஒரு தடவை பின்கண்ணாடியைச் சூடாக்கிக் கழற்றிவிட்டால் பழைய பசை பிடிப்பு வராது. புறாத்தீவுக்குப் போகும் படகில் கையில் பிடித்து எடுங்கள், கடலுக்குள் மட்டும் இறக்காதீர்கள்.

பிறகு \*#0\*# அடியுங்கள். சோதனைப் பக்கம் வரும், அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் திரை முழுக்கப் போட்டு, கோடு அல்லது கறை தெரிகிறதா என்று பாருங்கள். \*#06# அடித்தால் ஐஎம்இஐ வரும், அது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள இலக்கம். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று தட்டி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பதில் வரும்வரை காசை எண்ண வேண்டாம்.

கடைசியாக, பழைய ஆளின் கூகுள் கணக்கை நீக்கி, உங்கள் கண் முன்னாலேயே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். ரீசெட் முடிந்து பழைய கணக்கின் கடவுச்சொல் கேட்டால், விற்றவர் இல்லாமல் அந்தப் போனைத் திறக்கவே முடியாது.

உப்புவெளி

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குப் போனேன். ஐபோனில் மாடல் இலக்கம் எல்எல் என்றே முடிந்தது, கேரியர் லொக் வரியில் 'சிம் லொக்ட்' என்று இருந்தது. கடைக்காரர் "அன்லொக் பண்ணித் தருகிறேன்" என்றார், நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

எஸ்23-இல் பச்சைத் திரை போட்டபோது மேல் மூலையில் விரல் நகம் அளவு மங்கலாக ஒரு கறை. சாதாரணமாகப் பார்த்தால் தெரியவே தெரியாது. அதைக் காட்டியதும் அவரே உள்ளே போய் இன்னொரு எஸ்23 கொண்டு வந்தார், கறுப்பு நிறம், பின்னால் ஒரு கீறல். அதில் திரை சுத்தம், ஸ்டிக்கர் வெள்ளை, ஓட்டையில் களிம்பு இல்லை. 1909-இலிருந்து பதிவாகியிருக்கிறது என்று பதிலும் வந்தது. கீறலுக்காக விலையைக் கொஞ்சம் குறைத்தார்.

வாங்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் வந்தேன். மரத்தடியில் மான்கள் படுத்திருந்தன, வெளிச்சம் போய்விட்டது. மூன்று மடங்கு வைத்து ஒன்று எடுத்தேன். காதோர மயிர் தனித்தனியாகத் தெரிகிறது.

கிண்ணியா ரிப்பேர்

சந்தோஷம் சகோதரி. பில்லில் ஐஎம்இஐ எழுதி வாங்கினீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போய் எழுதி வாங்குங்கள். வாரண்டிக்கு அதுதான் சாட்சி.

உப்புவெளி

எழுதவில்லை அண்ணா. காலையில் கடை திறந்ததும் போகிறேன்.