‘மரைன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

இஸ்ரேல் கிரீன் என்ற அமெரிக்க மரைன் அதிகாரியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 1847இல் பணியில் சேர்ந்தவர். கப்பலில் போய்ச் சண்டையிடும் படைவீரரைக் குறிக்கும் ‘மரைன்’ என்ற சொல்தான் உதைக்கிறது. நாளிதழ்களில் ‘கடற்படை வீரர்’ என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காலக் கப்பலில் மரைன்களின் முக்கிய வேலைகளுள் ஒன்று, மாலுமிகள் கலகம் செய்யாமல் காவல் நிற்பது. ‘கடற்படை வீரர்கள் கலகம் செய்யாதபடி கடற்படை வீரர்கள் காவல் நின்றனர்’ என்று எழுதினால் படிப்பவர் அடிக்க வருவார்.

நீரிலும் நிலத்திலும் போரிடும் படை என்ற பொருளில் ‘ஈரூடகப் படை’ என்றும் ஒரு சொல் புழங்குகிறது. ஊடகம் என்றாலே இன்று டிவிதான் நினைவுக்கு வரும். அது போகட்டும், கிரீனின் பெயர் நின்றதே கடல் இல்லாத ஊரில். 1859 அக்டோபரில், அடிமை முறையை ஆயுதமெடுத்து ஒழிக்கக் கிளம்பிய ஜான் பிரௌன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரின் அரசு ஆயுதக் கிடங்கைப் பிடித்தபோது, வாஷிங்டனிலிருந்து 86 மரைன்கள் கிரீன் தலைமையில் ரயிலேறிப் போனார்கள். அவர்களுக்கு மேலதிகாரி தரைப்படைக் கர்னல் ராபர்ட் லீ. 18ஆம் தேதி காலை, பிரௌன் பதுங்கியிருந்த தீயணைப்பு வண்டிக் கொட்டகையின் கதவு சம்மட்டியால் அடித்தும் அசையவில்லை. பக்கத்தில் கிடந்த கனத்த ஏணியைத் தூக்கி இடித்து ஓட்டை போட்டார்கள். கிரீன் உள்ளே பாய்ந்தார். அவசரத்தில் இடுப்பில் கட்டிவந்தது அணிவகுப்புக்கான மெல்லிய வாள். பிரௌனைக் குத்தியதும் அது வளைந்துகொண்டது. பிரௌன் பிழைத்தார், டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார்.

முழுக்கக் காலாள் வேலை. அதனால் ‘கப்பற்காலாள்’, படைக்குக் ‘கப்பற்காலாட்படை’ என்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

*

ஐயா, கடலே இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டுக் கப்பலைக் கொண்டுவந்து ஒட்டுகிறீர்களே! சொல்லும் நீளம். ‘கலம்’ சேர்த்துக் ‘கலக்காலாள்’ என்றால் கொஞ்சம் சுருங்கும். இல்லையென்றால் ‘மரைன்’ என்றே விடுங்கள். லெப்டினன்ட்டை அப்படித்தானே வைத்திருக்கிறோம்?

*

அம்மா, ‘கலக்காலாள்’ என்று வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் இருந்த பேத்தி, “யாரு தாத்தா அந்தக் கலக்கல் ஆளு?” என்றாள். அதை விட்டுவிடுவோம்.

கப்பல் எதற்கு என்றால், குதிரைப்படை வீரன் கீழே இறங்கி நின்றாலும் குதிரைப்படை வீரன்தானே? கிரீன் ரயிலில் போனாலும் அவருடைய படை கடற்படைத் துறையின் கீழ்தான் இருந்தது. கப்பலில் ஏற்றத்தான் ஆள் சேர்த்தார்கள்.

லெப்டினன்ட் நம் ராணுவத்திலும் உண்டு, நாளிதழிலும் உண்டு. ‘மரைன்’ அப்படியில்லை. ‘மரைன் இன்ஜினியரிங்’ விளம்பரம் பார்த்துப் பழகியவர்கள் கிரீனைக் கப்பல் இன்ஜினியர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் கிரீன் விலகித் தெற்கே போனார். பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பும் தனக்கென ஒரு மரைன் படை வைத்திருந்தது, அதில் சேர்ந்தார். வடக்கே நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர் என்பதுதான் வேடிக்கை. இரண்டு பக்கத்துக்கும் ‘கப்பற்காலாட்படை’ இடறாமல் பொருந்துகிறது. ‘கடற்படை’ என்று எழுதினால் மாலுமிகளோடு போய்ச் சேர்ந்ததாகிவிடும்.

நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையில் முதலிரண்டு இடத்தில் முழுச்சொல்லைப் போட்டுவிட்டுப் பிறகு ‘காலாட்கள்’ என்று மட்டும் எழுதிப் பார்க்கிறேன்.

அந்த வாளுக்கு ‘அணிவகுப்பு வாள்’ சரியா, ‘ஒப்பனை வாள்’ சரியா? எனக்கு முன்னது. ஒப்பனை என்றால் நாடகக் கொட்டகை அட்டைவாள் ஆகிவிடுகிறது.