முன்னாள் ராணுவ அதிகாரிகள் தேர்தலில் தோற்பது ஏன்? மூன்றாம் முறை நிற்பவர் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: ஈசூன்_வாசகன்

சிங்கப்பூர் ஆயுதப் படையில் ரெகுலராக (முழுநேர வேலையாக) இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்ற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்கட்சி ஒன்றின் குழுத்தொகுதி (பலர் ஒரே அணியாக நிற்கும் தொகுதி) அணியில் இரண்டு முறை நின்றார், இரண்டு முறையும் தோல்வி. இப்போது கட்சியை விட்டு விலகி, அடுத்த பொதுத்தேர்தலில் ஒரு தனித்தொகுதியில் (ஒரே உறுப்பினர் தொகுதி) சுயேச்சையாக நிற்கலாமா என்று யோசிக்கிறார்.

ராணுவப் பின்னணி இங்கே ஓட்டு வாங்கித் தருமா? சுயேச்சைக்கு எவ்வளவு பணம் ஆகும்? இரண்டு முறை தோற்றவரைத் தடுக்கிற விதி ஏதாவது உண்டா? "ஜெனரல் என்றால் ஜெயிக்கிறார், கர்னல் என்றால் தோற்கிறார்" என்று கோப்பிக் கடையில் ஒரு பேச்சு ஓடுகிறதே, அது சரியா?

பதில் 1: தேக்கா_பெரியவர்

கோப்பிக் கடைக் கணக்கு பாதிதான் சரி. ஜெனரல்களும் தோற்றிருக்கிறார்கள்.

ஜார்ஜ் இயோ பிரிகேடியர் ஜெனரல், 1988 முதல் அல்ஜுனிட்டில் ஜெயித்து வந்தவர், வெளியுறவு அமைச்சர். 2011-இல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் லோ தியா கியாங் அணி 54.72 விழுக்காடு எடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பியது. மசெக (ஆளும் மக்கள் செயல் கட்சி) பறிகொடுத்த முதல் குழுத்தொகுதி அது. இங் சீ மெங் அவரைவிடப் பெரிய பதவியில் இருந்தவர்: லெப்டினன்ட் ஜெனரல், தற்காப்புப் படைத் தலைவர். 2015-இல் பாசிர் ரிஸ்-பொங்கோலில் வென்று அமைச்சரானார். 2020-இல் செங்காங்கில் 47.88 விழுக்காட்டோடு தோற்றார். 2025-இல் ஜாலான் காயு தனித்தொகுதியில் மீண்டும் நின்று 51.47 விழுக்காட்டில் தப்பித்தார். வித்தியாசம் 806 ஓட்டு. முன்னாள் தற்காப்புப் படைத் தலைவர், தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைமைச் செயலாளர் என்ற அடையாளமெல்லாம் இருந்தும் கரையேறியது அவ்வளவுதான்.

மற்ற ஜெனரல்கள் சுலபமாக ஜெயிப்பது போலத் தெரிவதற்கு, அவர்களை எங்கே நிறுத்துகிறார்கள் என்பது பெரிய காரணம். சான் சுன் சிங் 2011-இல் ராணுவத்தை விட்டு வந்த சில வாரங்களில் தஞ்சோங் பகார் உறுப்பினர் ஆனார். ஒரு ஓட்டுகூடப் பதிவாகவில்லை, அங்கே போட்டியே கிடையாது. 2025-இல் பிரிகேடியர் ஜெனரலாக இருந்த கோ பெய் மிங் நின்ற மரீன் பரேட்-பிராடல் ஹைட்சிலும் அதே கதை. எதிர்க்கட்சிக் கர்னலுக்கு இப்படி ஓர் இடம் ஒருநாளும் கிடைக்காது.

எதிர்க்கட்சிப் பக்கம் பார்த்தால், ஆயுதப் படையின் முன்னாள் அதிகாரி நடராஜா லோகநாதன் 2020-இல் வெஸ்ட் கோஸ்ட்டில் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் டான் செங் போக் அணியில் நின்றார். அந்த அணி எடுத்தது 48.32 விழுக்காடு. தோற்ற அணிகளில் அந்தத் தேர்தலின் மிக உயர்ந்த எண்ணிக்கை அதுதான். அதனால் கிடைத்த இரண்டு தொகுதியில்லா உறுப்பினர் (தோற்ற எதிர்க்கட்சியினருக்குத் தரும் நாடாளுமன்ற இடம்) இடங்களும் லியோங் மன் வாய்க்கும் ஹேசல் புவாவுக்கும் போயின. குழுத்தொகுதியில் தோற்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள்: ஆறுதல் பரிசு வந்தாலும் அதை யாருக்குத் தருவது என்பதை அணிதான் முடிவு செய்யும்.

இனி ஓட்டு விஷயம். படையில் இருந்தவர் என்பது அமெரிக்காவில் ஒரு தனித் தகுதி. இங்கே 1967 முதல் கட்டாய தேசிய சேவை இருக்கிறது. வாக்காளரில் ஏறக்குறையப் பாதிப்பேரான ஆண்களில் பெரும்பாலோர் சீருடை போட்டவர்கள்தான். கர்னல் என்றதும் அவர்களுக்கு ஞாபகம் வருவது விடியற்காலை ஏரியா கிளீனிங்கும், ஓஆர்டிக்கு (தேசிய சேவை முடியும் நாள்) எண்ணிய நாட்களும், வேலையைப் போட்டுவிட்டு ஐசிடிக்கு (சேவை முடிந்த பின்னும் தொடரும் பயிற்சி) ஓடியதும். சிங்கப்பூர் போர் எதையும் நடத்தியதில்லை என்பதால் "பேப்பர் ஜெனரல்" என்ற கேலி வேறு. மறுபாதியான பெண்களுக்கோ லெப்டினன்ட் கர்னல் உயர்ந்ததா மேஜர் உயர்ந்ததா என்பதே தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. சுருக்கமான அறிமுகத்தில் ஒரு வரி போதும். அதையே பிரசாரமாக்கினால் ஓட்டு விழாது.

பதில் 2: செங்காங்_கணக்காளர்

பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அதற்கு முன் மூன்றாவது கேள்வி, அதுதான் ஆபத்தானது.

இரண்டு தோல்வி, பத்துத் தோல்வி என்று எந்தத் தடையும் கிடையாது. ஆனால் தோற்றவரும் தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். முடிவு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 31 நாள். அதைக் கொடுக்காமல் விட்டவர் அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டுகளுக்கு நிற்கும் தகுதியை இழப்பார். தோற்ற மறுவாரமே தொண்டர்கள் கலைந்து, ரசீதுகள் ஆளுக்கொரு பையில் போய்விடும். குழுத்தொகுதியில் "கட்சி பார்த்துக்கொள்ளும்" என்று விட்டவர்கள், போன தேர்தலில் தம் பெயரில் கணக்கு போனதா என்று முதலில் கேட்டு, நகலைக் கையில் வாங்கி வையுங்கள். கட்சியை விட்டு விலகிய பிறகு கேட்டால் யாரும் தேடித் தரமாட்டார்கள்.

கடைக்காரர்கள் தங்கள் பில்லைத் தேர்தல் முகவருக்கு 14 நாளுக்குள் அனுப்ப வேண்டும், 28 நாளுக்குள் பணம் கொடுத்து முடிக்க வேண்டும். 10 வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் பில்லும் ரசீதும் வேண்டும். சாப்பாட்டுக் கடை, லாரி வாடகை, ஒலிபெருக்கி, இந்த மூன்றில்தான் ரசீது காணாமல் போகும்.

வைப்புத்தொகை 2025-இல் ஆளுக்கு 13,500 வெள்ளி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு முந்தைய ஆண்டில் கிடைக்கும் மொத்தப் படித்தொகையில் 8 விழுக்காட்டைக் கணக்கிட்டு, கிட்டத்தட்ட உள்ள 500-க்குக் கொண்டுவருவார்கள். ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் மாறும் (2011-இல் 16,000 இருந்தது). செல்லுபடியான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு எடுக்காவிட்டால் திரும்பி வராது. 24,000 ஓட்டு செல்லுபடியானால் 3,000 வேண்டும்.

அந்த 3,000 வருமா என்பது வேட்பாளரைவிடப் போட்டியின் வடிவத்தைப் பொறுத்தது. 2025-இல் மவுண்ட்பேட்டனில் சுயேச்சைக்கு 36 விழுக்காடு கிடைத்தது, ஏனென்றால் மசெகவுக்கு எதிராக அவர் ஒருவர்தான். அதே நாளில் ராடின் மாஸில் வேறொரு கட்சியும் இருந்தது, சுயேச்சை 7 விழுக்காட்டோடு பணத்தை இழந்தார். 2020-இல் பைனியரில் மும்முனைப் போட்டி, சுயேச்சைக்கு 2.78. மசெகவை எதிர்க்க விரும்புபவர், ஒரு கட்சிச் சின்னம் கண்ணில் பட்டால் அதற்குத்தான் போடுவார். எனவே கட்சிகள் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் பேச்சு முடியும்வரை காத்திருந்து, யாரும் கோராத தொகுதியைப் பாருங்கள். ஆனால் கடைசி வாரம்வரை காத்திருந்தால் களவேலைக்கு நேரமில்லை. இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை கிடையாது.

செலவு வரம்பு 2025-இல் வாக்காளருக்கு 5 வெள்ளி, அதற்கு முன் 4. 26,000 வாக்காளர் தொகுதி என்றால் 130,000 வெள்ளி வரை போகலாம். அது உச்சவரம்பு, அவ்வளவும் செலவழிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. வேட்புமனுவுக்கு முன்பே அச்சடித்த துண்டுப் பிரசுரமும் தேர்தலுக்கானது என்றால் கணக்கில் சேரும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நன்கொடை 21 வயது நிரம்பிய குடிமக்களிடமும், சிங்கப்பூரர் கட்டுப்பாட்டில் இங்கே தொழில் செய்யும் நிறுவனங்களிடமும் மட்டுமே வாங்கலாம். பெயர் சொல்லாமல் வந்தது மொத்தம் 5,000 வெள்ளிக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். நிரந்தரவாசியான மச்சான் நூறு வெள்ளி கொடுத்தாலும் திருப்பிக் கொடுங்கள். அவர் வந்து பிரசுரம் விநியோகிப்பதும் கூடாது. நம் வீடுகளில் பாதிப்பேர் குடிமக்கள், பாதிப்பேர் பிஆர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதில் 3: புளோக்_மாடிப்படி

மேலே இருவரும் சொல்லாத ஒன்று, கதவு எண்ணிக்கை.

26,000 வாக்காளர் என்றால் குத்துமதிப்பாக 10,000, 11,000 வீடு. இருவர் சேர்ந்து ஒரு மாலையில், 7 முதல் 9.30 வரை, 70 கதவு தட்டலாம். பாதி திறக்காது. ஒரு சுற்றுக்கே 150 ஜோடி-மாலைகள் வேண்டும். வேட்புமனு முதல் பிரசார ஓய்வு நாள் வரை கையில் இருப்பது ஒன்பது நாள். நாலு ஜோடி வைத்திருந்தாலும் 36 மாலைதான், கால்வாசித் தொகுதி. ஆகவே ஒன்றரை ஆண்டு முன்பே தொடங்க வேண்டும். மேல் மாடிக்கு லிஃப்டில் போய், படியில் இறங்கி வாருங்கள். கொண்டோவில் நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் காவலாளி உள்ளே விடமாட்டார், அங்கே தபால் மட்டுமே.

ஆனால் ஒன்றரை ஆண்டு உழைத்த தொகுதி தேர்தல் நாளில் இருக்குமா? பாட்டாளிக் கட்சி 2011-இல் ஜூ சியாட்டில் 388 ஓட்டில் தோற்றது. 2015-இல் அந்தத் தனித்தொகுதியே வரைபடத்தில் இல்லை, மரீன் பரேடில் கரைத்துவிட்டார்கள். 2015-இல் 42 விழுக்காட்டுக்கு மேல் கொடுத்த ஃபெங்ஷான் 2020-இல் காணாமல் போனது. 2025-இல் எல்லை அறிக்கை வந்தது மார்ச் 11, வேட்புமனு ஏப்ரல் 23. இடையில் 43 நாள். ராணுவத்தில் பழகியவர்கள் ஒரே இலக்கைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தையும் அங்கே இறக்குவார்கள். இங்கே அடுத்தடுத்த இரண்டு பேட்டைகளில் வேலை செய்து வைப்பதே புத்திசாலித்தனம், ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

வாக்களிப்பு நாளும் சுலபமில்லை. அந்த அளவு தொகுதியில் பத்துப் பன்னிரண்டு வாக்குச்சாவடி, காலை 8 முதல் இரவு 8 வரை. இரண்டு ஷிப்ட் முகவர் என்றாலே இருபத்தைந்து பேர் தேவை, பிறகு எண்ணும் இடத்துக்கு ஆட்கள். கட்சி இருந்தபோது இவர்கள் தானாக வந்தார்கள். சுயேச்சைக்கு வரமாட்டார்கள்.

ஈசூன்_வாசகன்

நன்றி அண்ணே, 36 மாலை என்ற கணக்கு தலையில் அடித்தது. வேட்புமனு நாளில் என்ன தவறு நடக்கும்? கட்சியில் இருந்தபோது அதையெல்லாம் அலுவலகமே பார்த்துக்கொண்டிருக்கும்.

பதில் 4: மனு_11மணி

நேரம்தான் முதல் எதிரி. காலை 11 முதல் நண்பகல் 12 வரை. பதில் 1-இல் வந்த அந்தத் தஞ்சோங் பகார் 2011 ஏன் போட்டியில்லாமல் போனது தெரியுமா? ஒரு சுயேச்சை அணி வந்தது, மனுவைக் கொடுக்க 35 விநாடி தாமதம், நிராகரித்துவிட்டார்கள்.

முன்மொழிபவர், வழிமொழிபவர், குறைந்தது நாலு ஆதரவாளர், ஆக ஆறு பேர், எல்லாரும் அதே தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும், நேரில் வர வேண்டும். எல்லை மாறிய பிறகு எதிர் புளோக்காரர் வேறு தொகுதியாகிவிடுவார். பழைய பட்டியலை நம்பி ஆளைக் கூட்டிப் போய் நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு. எட்டு பேரைத் தயார் செய்து, புதிய பட்டியலில் ஒவ்வொருவர் பெயரையும் பாருங்கள். அரசு ஊழியராக இருப்பவரைத் தவிர்ப்பது நல்லது, கடைசி இரவில் அவர் பின்வாங்குவார்.

சத்தியப்பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழி, அரசியல் நன்கொடைச் சான்றிதழ், வைப்புத்தொகை கட்டிய அத்தாட்சி, இவை முந்தின நாளே கையில் இருக்கட்டும். நன்கொடைச் சான்றிதழ் இல்லாமல் மனு செல்லாது, அதை வேட்புமனு நாளில் போய் வாங்கவும் முடியாது. தனித்தொகுதிக்கு சிறுபான்மைச் சமூகச் சான்றிதழ் தேவையில்லை, அது குழுத்தொகுதிக்கு. கட்சிச் சின்னம் போய்விட்டதால் தேர்தல் துறை தரும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல சின்னத்தை இன்னொரு சுயேச்சை எடுத்துக்கொள்வார் என்பதால் இரண்டாவது விருப்பமும் முடிவு செய்து போங்கள்.

முன்னாள் அதிகாரிக்கென்று ஒன்று. ஓய்வு பெற்றாலும் அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் அவரைக் கட்டும். தற்காப்புச் செலவை விமர்சிக்கலாம், ஆனால் பணியில் இருந்தபோது மட்டுமே தெரிந்த எண்ணையோ ஏற்பாட்டையோ மேடையில் சொல்லிவிட்டால் அன்றோடு பிரசாரம் முடிந்தது. சீருடைப் படத்தைச் சுவரொட்டியில் போடாதீர்கள். ஆயுதப் படை கட்சி சாராதது என்ற கேள்வியைக் கேட்டு எதிராளி ஒன்பது நாளில் இரண்டு நாளைத் தின்றுவிடுவார்.

பதில் 5: கொம்பு_சுழி

தமிழ்ப் பிரசுரம் பற்றி மட்டும். சுயேச்சைகளுக்குத் தொலைக்காட்சி, வானொலிக் கட்சி ஒலிபரப்பில் நேரம் கிடையாது, குறைந்தது ஆறு வேட்பாளர் நிறுத்தும் கட்சிக்குத்தான் அது. ஆகவே நம் ஆட்களிடம் போய்ச் சேருவது அந்தத் தாள் ஒன்றுதான். அதிலும் ஒவ்வொரு தேர்தலிலும் தமிழ்க்கொலை நடக்கிறது. வடிவமைப்பாளரின் மென்பொருளில் தமிழ் எழுத்தமைப்பு இயக்கப்படாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "தொகுதி" என்பது படிக்கவே முடியாதபடி சிதறும். அவருக்குத் தமிழ் தெரியாது, தவறு கண்ணில் படாது. உரையை ஒட்டியதும் "கொ, கோ, கௌ, ஸ்ரீ" நாலையும் தனியாக அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரியாக வந்தால் எழுத்துகளை வடிவக்கோடாக (அவுட்லைன்) மாற்றிய பிறகே அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் தாளில் ஒரு பிரதி எடுத்துத் தமிழ் தெரிந்த இருவர் படிக்கட்டும். யார் வெளியிட்டது, யாருக்காக என்ற விவரமும் அதே தாளில் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள், கடைசி நேரத்தில் இடம் பற்றாமல் வெட்டப்படுவது பெரும்பாலும் அந்த வரிதான்.