ஹசியெண்டாவை நினைவில் நிறுத்தியது தூணா, போஸ்டரா?

நெல்லைத்தச்சன்:
மான்செஸ்டரில் 1982 மே மாதம் திறந்த ஹசியெண்டா என்ற நடன கிளப்புக்குப் பெயர் வாங்கித் தந்தது பீட்டர் சாவிலின் வரைகலைதான் என்று நேற்று அச்சுக்கூடம் எழுதியிருந்தார். நான் ஏற்கவில்லை. உள்ளரங்கம் பென் கெல்லி அமைத்தது. கட்டடம் பழைய படகு ஷோரூம். ஆடும் இடத்தை ஒட்டி இரும்புத் தூண்கள், அகற்ற வழியில்லை. கெல்லி அவற்றை மறைக்காமல், தொழிற்சாலைகளில் எச்சரிக்கைக்கு அடிக்கும் மஞ்சள்-கறுப்புப் பட்டையை அடித்தார். தளத்தின் ஓரத்தில் சாலை ரிஃப்ளெக்டர்களைப் பதித்தார். ஆடுகிறவனுக்கு இருட்டிலும் எல்லை தெரியும்.

அச்சுக்கூடம்:
அண்ணே, மஞ்சளும் கறுப்பும் முதலில் வந்தது எங்கே? ஹசியெண்டாவைத் திறந்த அதே ஃபேக்டரி குழு, பிறகு இசைத்தட்டு நிறுவனமானதே, அது 1978-இல் நடத்திய கிளப் இரவுகளுக்கு சாவில் செய்த போஸ்டரில். காதுக்குப் பாதுகாப்பு அணியச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையிலிருந்து எடுத்தது அது. தூணுக்கு நான்கு வருடம் மூத்தது. கெல்லியைச் சிபாரிசு செய்தவரும் சாவில்தான். ஃபேக்டரியின் சுருக்கமாக, போஸ்டருக்கு ஃபேக் 1, கிளப்புக்கு ஃபேக் 51 என்று ஒரே வரிசையில் எண் போட்டார்கள். இசைத்தட்டு மாதிரி கிளப்பும் அந்தப் பட்டியலில் ஓர் உருப்படி.

நெல்லைத்தச்சன்:
அந்த போஸ்டர் நேரத்துக்கு வரவே இல்லையே. தூண் ஒவ்வொரு இரவும் வேலை செய்தது. நான் ஒரு மண்டபம் செய்தபோது நடுத்தூணுக்குக் கண்ணாடி ஒட்டச் சொல்லி உரிமையாளர் பிடிவாதம் பிடித்தார், நானும் ஒட்டினேன். திறப்பு விழாவில் ஓடிவந்த ஒரு பையன் அதில் முட்டி, நெற்றி புடைத்துவிட்டது. கெல்லியின் அருமை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சென்னைஒலி:
இருவரும் ஒலியை மறந்துவிட்டீர்கள். கச்சேரிக்கு அது மோசமான இடம், எதிரொலி அப்படி. முதல் சில வருடங்கள் பல இரவுகள் காலியாகவே போயின. 80-களின் பிற்பகுதியில் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையும் டிஜேக்களும் வந்த பிறகுதான் நிரம்பியது.

நெல்லைத்தச்சன்:
எதிரொலி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் வந்தபோது அதைத் தாங்க அந்தத் தளம் தயாராக இருந்ததே!

அச்சுக்கூடம்:
1997-இல் மூடினார்கள், 2002-இல் இடித்தார்கள், இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். தூண் போய்விட்டது, போஸ்டர் இருக்கிறது.

நெல்லைத்தச்சன்:
2012-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஹசியெண்டாவை நினைவூட்ட எதைத் திரும்பக் கட்டிக் காட்டினார்கள் என்று பாருங்கள். அந்தப் பட்டைத் தூண்களைத்தான்.